நான் நானாக இல்லை

இலண்டனில் வாழும் என் தங்கை, தலைப்பிரசவத்திற்குப் பின் தொலைபேசியில் ‘மேலுக்குச் சுகமில்லை’ என்றாள். நம் வீடுகளில் காய்ச்சலும் மனக்கலக்கமும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறன்று. ‘அண்டர் த வெதர்’, ‘ஆஃப் கலர்’ என்றால் சிறு சுகவீனம். கேட்பவர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அண்டை வீட்டு மூதாட்டி கற்பித்தபடி, வீடு தேடி வந்த செவிலியிடம் அவள் ‘ஐ ஆம் நாட் மைசெல்ஃப்’ என்றாள். ‘நான் நானாக இல்லை’ என்பது பொருள். செவிலி உடனே அருகமர்ந்து அழுகை, பசி, உறக்கம் யாவற்றையும் விசாரித்தார். 10 தாய்மாரில் ஒருவருக்கேனும் நேரும் பிரசவகால மனச்சோர்வு அது. சிகிச்சை பெற்று நலமடைந்தாள், அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரிகளே! அயல்நாடு செல்லும் பெண்மக்களுக்கு, நோவைச் சொல்லும் சொற்களையும் அவற்றின் கனத்தையும் கற்பித்து அனுப்புங்கள்.