பக்கத்துப் பக்கத்து ஊர்: ஈசூனும் செம்பவாங்கும்



பங்குனி உத்திர வேலை ஆரம்பிச்சாச்சுன்னா எங்க தொண்டூழியர் குழுவுக்கு காலையில ஈசூன், சாயங்காலம் செம்பவாங். எம்ஆர்டியில் ஏறினால் ரெண்டுக்கும் நடுவில் கேன்பரா ஒன்றுதான். அந்த நிலையம்கூட 2019-ல் வந்ததுதான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ரெண்டு இடமும் ஒரே மாதிரி இல்லை. இதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்தோம்.

ஈசூன் நிலையத்தில் இறங்கினாலே கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். நார்த்பாயிண்ட் 1992-ல் திறந்த கடைத்தொகுதி, இப்போது பேருந்து முனையத்தோடு சேர்ந்து பெரிதாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டியோடு பாட்டிகள், வேலை முடிந்து வரும் தம்பிகள் என்று எந்நேரமும் சத்தம். இணையத்தில் ஈசூனைக் கேலி செய்யாத ஆளே இல்லை. எங்களுக்கும் சிரிப்பு வரும், ஆனா கொஞ்சம் கோபமும் வரும். விடியற்காலையில் சோங் பாங் சந்தைக்கு ஒரு தடவை வந்து பாருங்க. அன்னதானத்துக்குக் காய்கறி வாங்க அங்கேதான் போவோம். நாங்க கத்திரிக்காயைக் கிலோ கிலோவாக அள்ளும்போதே கடைக்கார சீன அங்கிளுக்குப் புரிந்துவிடும். "எசோக் செம்பாயாங் பெசார்?" என்று மலாயில் கேட்பார். ஆமா, நாளைக்குப் பெரிய பூஜை என்போம். காசு வாங்கியபிறகு இரண்டு கட்டு கீரையைப் பையில் திணித்துவிடுவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார்.

செம்பவாங் அப்படி இல்லை. நிலையம், பேருந்து முனையம், சன் பிளாசா, அவ்வளவுதான் நடுநகரம். அதைத் தாண்டி நாலு புளோக் நடந்தால் நம்ம செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். காப்பிக்கடையில் பெரியவர்கள் ஒரே தே தாரிக்கை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெலிங்டன், டர்பன், ஆக்லாந்து, கேன்பரா என்று அந்தப் பக்கத்துச் சாலைப் பெயர்கள் எல்லாம் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்து மிச்சம். 1938-ல் அங்கே பெரிய கப்பல் துறை திறந்தது. அதில் வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். இன்று சாலைப் பெயர் இருக்கிறது, அந்தக் குடியிருப்புகளில் இருந்த நம்ம சனம் எங்கெங்கோ போய்விட்டது.

எங்கே போனது என்று தேடினால், நிறைய பேர் ஈசூனில்தான் இருக்கிறார்கள். சோங் பாங் கிராமமே முதலில் செம்பவாங்கில் இருந்ததுதான். லிம் நீ சூன் அவர்களின் மகன் பெயரில் அமைந்த கிராமம் அது. 1980களில் மக்கள் ஈசூன் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறியபோது பெயரும் அவர்களோடு போய்விட்டது. 'ஈசூன்' என்பதே 'நீ சூன்' என்ற பெயரின் மாண்டரின் உச்சரிப்புதான். ஆக அப்பா பேரும் மகன் பேரும் இப்போது ஒரே ஊரில்! நம்ம ஆலயமும் இதே வழியில் வந்ததுதானே. 1960களில் கேன்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கிய வழிபாடு, நகர் மேம்பாட்டுக்கு நிலம் தேவைப்பட்டதால் ஈசூன் தொழிற்பேட்டைக்கு மாறியது. 1996-ல் இங்கே குடமுழுக்கு.

இதையெல்லாம் நாங்க பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு இருந்தோம், போன வருஷம் வரைக்கும்.

அப்போது அழைப்பிதழ் கொடுக்க செம்பவாங்கில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனோம். எண்பது தாண்டியவர், கணவர் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். அழைப்பிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்பல்லாம் வீட்டு வாசல்ல நின்னா மணி கேக்கும்மா. நடந்தே வந்துருவேன். இப்ப முருகனை உங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டீங்க" என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. முழங்கால் வலி, பேருந்து ஏற பயம், மகள் வேலைக்குப் போய்விடுகிறாள். ஆலயத்துக்கு வந்து மூணு வருஷமாச்சாம்.

ஈசூன் ஆட்கள் கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். அங்கே எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது, சத்தம் போட்டு இழுக்கிறது. செம்பவாங்கில் கதவைத் தட்டினால்தான் உள்ளே ஆள் இருப்பது தெரிகிறது. அமைதியான ஊர் என்று நாங்களே எத்தனை தடவை புகழ்ந்திருப்போம்! அந்த அமைதியில் கொஞ்சம் இப்படி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்களுடையது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த உத்திரத்துக்கு எங்க தம்பி ஒருவர் காரில் பாட்டியைக் கூட்டி வந்தார். பால்குடம் எடுக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து அபிஷேகம் பார்த்தார். பிறகு சமையல்கட்டுக்கு வந்து, சாம்பாரில் புளி கம்மி என்றார். உண்மைதான், கம்மிதான்.

இந்த வருஷம் செம்பவாங்கிலிருந்து இன்னும் ஆறு பெரியவர்களைக் கூட்டி வரவேண்டி இருக்கிறது. எங்களிடம் இரண்டு கார்தான். அந்தப் பக்கம் இருக்கும் அன்பர்கள் யாருக்காவது காலையில் ஒரு நடை வர முடிந்தால், சனிக்கிழமை பூஜை முடிந்ததும் செருப்பு வைக்கும் இடத்துப் பக்கம் நிற்போம், வந்து சொல்லுங்க.