எஞ்சின் கூப்பிட்டால் சி ஷார்ப் வருமா?

இன்றைக்குக் கொஞ்சம் டெக்னிக்கலான சரக்கு. புரோகிராமிங் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் பாதி தூரமாவது கூட வரலாம். நடுவில் ஹாஸ்டல் கதையெல்லாம் வரும் :-)

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட், ஆடு புலி ஆட்டம். கோயில் மண்டபத் தரையில் கோடு போட்டு ஆடுவார்களே, அதேதான். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. படம் வரைவது, மவுஸ், சத்தம் எல்லாம் கவனிக்கிற எஞ்சினை நாங்களே சி++ல் எழுதுகிறோம். யூனிட்டியை எடுத்துப் போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரியும். ஆனால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று கற்றுக்கொள்வதுதான் புராஜெக்ட்டே.

குழுவில் நாலு பேர். மூன்று பேர் சி++ ஆட்கள். நாலாவது நண்பன்தான் இந்த ஆட்டத்தை உண்மையிலேயே ஆடத் தெரிந்தவன். தாத்தாவோடு உட்கார்ந்து ஆடி வளர்ந்தவன். சி ஷார்ப் அருமையாக எழுதுவான். பாயிண்டர் என்ற வார்த்தை காதில் விழுந்தால் டீ குடிக்கப் போய்விடுவான். ஆட்டத்தின் விதிகளோ ஊருக்கு ஊர் மாறும். எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலி ஜெயிக்கும் என்பதில்கூட ஒரே பேச்சு கிடையாது. அதனால் விதிகளை அடிக்கடி மாற்றி, ஆடிப் பார்த்து, மறுபடி மாற்ற வேண்டும். விதிகளை அவன் சி ஷார்ப்பில் எழுத, எங்கள் எஞ்சின் அவற்றைக் கூப்பிட வேண்டும் என்று முடிவானது.

முதல் ரிவியூவில் எங்கள் கைடு கேட்டார்: "ஏம்பா, ஒரே மொழியில் முடிக்க வேண்டியதுதானே? எதுக்கு இந்த வம்பு?"

நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த வம்பை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 1996ல் வந்த குவேக் விளையாட்டிலேயே எஞ்சின் சி மொழியில், ஆட்ட விதிகள் குவேக்சி என்ற தனி மொழியில். மோனோ வந்த பிறகு (2001ல் அறிவிப்பு, 2004ல் முதல் முழு வெளியீடு) டாட்நெட் மொழிகளை எஞ்சினுக்குள் வைப்பது சாத்தியமானது. 2005ல் வந்த யூனிட்டி அந்த வழியில்தான் போனது: உள்ளே சி++, வெளியே நாம் எழுதும் சி ஷார்ப். 2008ல் செகண்ட் லைஃப் தன் ஸ்கிரிப்டுகளை மோனோவில் ஓட வைத்தது. 2009ல் வந்த சிம்ஸ் 3லும் மோனோ உண்டு. கோடோ எஞ்சின் 2018ல் தன் 3.0 பதிப்பில் மோனோவைச் சேர்த்து, 2023ல் 4.0 பதிப்பில் புதிய டாட்நெட்டுக்கு மாறியது. காரணம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எஞ்சின் எழுதுகிறவர் வேறு, ஆட்டம் எழுதுகிறவர் வேறு.

சரி, கூப்பிடுவது எப்படி? மோனோ என்றால் வரிசை இதுதான்: மோனோவைத் தொடங்கு, டிஎல்எல்லை ஏற்று, வகுப்பைப் பெயர் சொல்லித் தேடு, அதற்குள் செயலியைப் பெயர் சொல்லித் தேடு, பிறகு மோனோ_ரன்டைம்_இன்வோக் என்று கூப்பிடு. தேடுவதை ஒரே ஒரு முறை செய்து விடையைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும். யூனிட்டியும் அப்டேட் என்ற செயலி நம் ஸ்கிரிப்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் தேடுவதில்லை; ஒரு முறை பார்த்துக் குறித்துவைத்துக்கொள்கிறது.

நாங்கள் எடுத்தது புதிய டாட்நெட் வழி. ஹோஸ்ட்எஃப்எக்ஸ்ஆர் என்ற நூலகம் மூலம் ரன்டைமைத் தொடங்கி, சி ஷார்ப் செயலி ஒன்றின் முகவரியை நேரடியாகக் கேட்டு வாங்கலாம். அந்தச் செயலியின் தலையில் அன்மேனேஜ்ட்காலர்ஸ்ஒன்லி என்று ஒரு முத்திரை குத்த வேண்டும் (2020ல் டாட்நெட் 5ல் வந்தது). அவ்வளவுதான், சி++க்கு அது ஒரு சாதாரண ஃபங்ஷன் பாயிண்டர். முத்திரைக்குச் சில நிபந்தனைகள் உண்டு: செயலி ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டும், ஜெனரிக் கூடாது, இரண்டு பக்கமும் மெமரியில் ஒரே மாதிரி இருக்கும் வகைகளை மட்டுமே வாங்கலாம். இன்ட் சரி, ஸ்டிரிங் கூடாது, பூல்கூடக் கூடாது.

கூப்பிடுவது இவ்வளவு சுலபம் என்றால் வம்பு எங்கே? இங்கேதான் ஹாஸ்டல் வருகிறது.

சி++ என்பது தனியறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவது. பாத்திரத்தை நாமேதான் கழுவ வேண்டும். மேனேஜ்ட் கோடு என்பது ஹாஸ்டல் மெஸ். தட்டை வைத்துவிட்டு எழுந்து போகலாம். எடுக்க ஆள் உண்டு. அவர்தான் கார்பேஜ் கலெக்டர். (மாவட்ட கலெக்டர் இல்லை. அதிகாரம் மட்டும் கிட்டத்தட்ட அதே அளவு!)

இந்தக் கலெக்டர் தட்டை எடுப்பதோடு நிற்க மாட்டார். இடம் சிதறிக் கிடந்தால், இருக்கிற பொருள்களை நகர்த்தி நெருக்கி வைப்பார். ஹாஸ்டலில் செமஸ்டர் நடுவே அறைகளை மாற்றுகிற மாதிரி. 14ஆம் அறையில் நண்பன் இருக்கிறான் என்று சி++ பக்கம் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வாரம் கதவைத் தட்டினால், உள்ளே வேறு யாரோ இருப்பார்கள். புரோகிராமில் அந்த 'வேறு யாரோ' என்பது கிராஷ். கிராஷ் ஆகாமல் தப்பான விடை வந்தால் இன்னும் மோசம்.

தீர்வு என்ன? அறை எண்ணை வைத்துக்கொள்ளாதே, ரோல் நம்பரை வைத்துக்கொள். ஜிசிஹேண்டில் என்பது அந்த ரோல் நம்பர். பொருள் எங்கே நகர்ந்தாலும் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சாதாரண ஹேண்டில் இருக்கும்வரை கலெக்டர் அந்தப் பொருளை அழிக்கவும் மாட்டார். பின்ட் என்று இன்னொரு வகை உண்டு: 'இவனை அறை மாற்றாதீர்கள்' என்று வார்டனிடம் வாங்கும் கடிதம். அளவாக வாங்க வேண்டும். எல்லோரும் கடிதம் வாங்கினால் வார்டனால் ஒன்றும் ஒழுங்குபடுத்த முடியாது.

டெலிகேட்டுக்கும் இதே கதை. ஒரு டெலிகேட்டை ஃபங்ஷன் பாயிண்டராக மாற்றி சி++ கையில் கொடுத்தால், சி++ அதைப் பிடித்துக்கொண்டிருப்பது கலெக்டருக்குத் தெரியாது. சி ஷார்ப் பக்கம் யாரும் அதை வைத்துக்கொண்டிருக்கவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிடுவார். கொடுமை என்னவென்றால் உடனே எடுக்க மாட்டார். லேபில் பத்து நிமிடம் நன்றாக ஓடும், டெமோவில் பதினோராவது நிமிடம் விழும். ஸ்டாட்டிக் செயலியின் முகவரியை நேரடியாக எடுக்கும் வழியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். அங்கே கலெக்டர் தொடுவதற்கு டெலிகேட்டே கிடையாது.

அடுத்தது, எத்தனை முறை கூப்பிடுவது? எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ரன்டைம் சில வேலைகளைச் செய்கிறது. கலெக்டர் வேலையில் இருந்தால் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒரு அழைப்புக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள் ஆயிரக்கணக்கில் கூப்பிட்டால் சில்லறை சேர்ந்து நோட்டாகிவிடும். யூனிட்டிக்காரர்களே 2015ல் இதை விளக்கி எழுதினார்கள்: 10,000 பொருள்களின் அப்டேட்டை எஞ்சின் தனித்தனியாகக் கூப்பிடுவதைவிட, ஒரே ஒரு சி ஷார்ப் மேலாளரைக் கூப்பிட்டு அது மற்றவர்களைக் கூப்பிட்டால் பல மடங்கு வேகம்.

எங்கள் ஆட்டத்தில் இதற்கு ஒரு அழகான வசதி இருக்கிறது. மொத்தம் 23 புள்ளிதானே? ஒரு இன்ட்டில் 32 பிட். புள்ளிக்கு ஒரு பிட் கொடுத்தால் ஆடுகள் எல்லாம் ஒரு எண், புலிகள் எல்லாம் இன்னொரு எண். ஒரு புலியைத் தொட்டதும் எஞ்சின் இந்த இரண்டு எண்களையும், தொட்ட புள்ளியையும் கொடுத்து ஒரே முறை கேட்கிறது: எங்கெல்லாம் போகலாம்? பதிலும் ஒரே எண். பிட் 1 ஆக இருக்கும் புள்ளிகளில் எஞ்சின் விளக்கு ஏற்றிவிடுகிறது. பொருள் இல்லை, ஸ்டிரிங் இல்லை, ஹேண்டில் இல்லை. மூன்று எண் போகிறது, ஒரு எண் வருகிறது.

கம்ப்யூட்டர் புலியாக ஆடும்போது ஆயிரக்கணக்கான நிலைகளை அலசும். அந்த அலசல் சி++ல் இருந்தால் வேகம் என்று முதலில் தோன்றும். ஆனால் விதிகள் சி ஷார்ப்பில் இருக்கின்றனவே! ஒவ்வொரு நிலைக்கும் எல்லை தாண்ட வேண்டும். அதனால் அலசலையும் அந்தப் பக்கமே வைத்தோம். ஓயாமல் பேசிக்கொள்ளும் இரண்டு பேரை ஒரே அறையில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது, எக்ஸப்ஷன். சி ஷார்ப்பில் ஒன்று வெடித்தால் அது எல்லை தாண்டி சி++க்குள் போகக்கூடாது. போனால் புரோகிராமே முடிந்துவிடும். எனவே எல்லையில் நிற்கும் ஒவ்வொரு செயலியிலும் முழுதாக ஒரு டிரை–கேட்ச். பிழை வந்தால் ஒரு எண் திரும்பும், எஞ்சின் திரையில் சிவப்பு எழுத்தில் காட்டும், ஆட்டம் தொடரும். விதி எழுதுகிறவன் பயமில்லாமல் எழுத இது ரொம்ப முக்கியம்.

நாலாவது, நம்ம தமிழ். ஆடுபவர் பெயரை 'முருகன்' என்று கொடுத்தால் நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடு. டாட்நெட்டுக்குள் யூடிஎஃப்-16ல் 14 பைட். எங்கள் எஞ்சினில் யூடிஎஃப்-8, ஆகவே 21 பைட். சி ஷார்ப்பிலிருந்து நேட்டிவ் செயலிக்கு ஸ்டிரிங் அனுப்பும் பழைய வழியில், எதுவும் சொல்லாவிட்டால் விண்டோஸில் அது ஆன்ஸியாக மாறும். தமிழுக்கு ஆன்ஸி கோடுபேஜ் கிடையாது என்பதால் முருகன் வெறும் கேள்விக்குறிகளாகிவிடுவார். ஆங்கிலப் பெயரை மட்டும் போட்டுச் சோதிப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. நாங்கள் பைட்டுகளையும் நீளத்தையும் கையோடு அனுப்புகிறோம். இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 என்று வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுதியே வைத்திருக்கிறோம்.

இத்தனை தொல்லைக்கும் கிடைத்த கூலி என்ன தெரியுமா? விதிகள் தனி டிஎல்எல். அதைக் கழற்றி மாட்டக்கூடிய விதமாக ஏற்றுகிறோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நண்பன் விதியை மாற்றிச் சேமித்தால் புதிய டிஎல்எல் உள்ளே வருகிறது. ஆனால் பழைய டிஎல்எல்லின் பொருள் ஒன்றையாவது சி++ ஹேண்டில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தால் பழையது இறங்காது. மூன்று எண் போய் ஒரு எண் வரும் ஏற்பாடு இங்கேயும் கைகொடுக்கிறது. பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

இரண்டாவது ரிவியூவில் நண்பன் கைடு முன்னாலேயே ஒரு வரியை மாற்றி, பக்கத்து மாவட்டத்து விதியில் ஆடிக் காட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை, எங்களில் யாரையும் கூப்பிடவும் இல்லை. கைடு மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை :-)

எனக்குப் புரிந்தது இதுதான். இரண்டு மொழிக்கு நடுவே செயலியைக் கூப்பிடும் வழியை ஒரு மாலையில் படித்துவிடலாம். எந்தப் பொருள் யாருடையது, யார் கழுவுவது, எவ்வளவு அடிக்கடி பேசுவது, பிழை வந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. அதை ஒழுங்காகச் செய்துவிட்டால், பாயிண்டருக்குப் பயந்தவனும் எஞ்சினுக்குள் உரிமையோடு உட்காரலாம்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஊரில் எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலி ஜெயிக்கும்? சொல்லுங்கள். மாற்றிப் பார்க்க ஒரு வரிதான் ஆகும்.