ஒரு கம்பி, ஐந்து கணினி

2003-ஆம் ஆண்டு. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியை நாங்கள் ஐந்து மாணவர்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஆளுக்கொரு பழைய கணினி. அகண்ட அலைவரிசை இணைப்புக்குப் பாரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். பொடி எழுத்தில் இருந்த வரியைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தேன். இணைப்பை ஒரே ஒரு கணினிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டுமாம்.

இடுபணி முடிக்க வேண்டிய வாரத்தில் அந்த ஒரு கணினிக்கு எவ்வளவு சண்டை நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆளுக்கு 40 வெள்ளி போட்டு இம்பி பிளாசாவில் ஒரு ரவுட்டர் வாங்கி வந்தோம்.

அந்தப் பெட்டி செய்யும் வேலை எளிது. நிறுவனம் நமக்குத் தருவது ஒரே ஓர் இணைய முகவரி. ரவுட்டர் அதைத் தானே வைத்துக்கொண்டு, வீட்டுக் கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுக்கும். எந்தக் கணினி எதைக் கேட்டது என்று குறித்து வைத்து, வரும் பதிலை உரியவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கணினிதான் தெரியும். இணைய முகவரிகள் தீர்ந்துவிடுமே என்ற கவலையில் 1994-இல் முன்வைக்கப்பட்ட வழி இது. யாரையும் ஏமாற்றுவதற்காக வந்ததல்ல. ஆனால், உள்ளே எத்தனை கணினி என்று எண்ணவும் வழி உண்டு. கணினிகள் பல தாம் அனுப்பும் தரவுப் பொட்டலங்களுக்கு வரிசையாக எண் இட்டு வந்தன. அந்த வரிசைகளைப் பிரித்தறிந்து எண்ணலாம் என்று 2002-இல் ஸ்டீவன் பெல்லோவின் எழுதிக் காட்டியிருந்தார். நல்லவேளை, அப்போது எனக்கு அது தெரியாது.

ஒருநாள் இணைப்பு அறுந்தது. தொலைபேசியில் கேட்டார்கள்: எத்தனை கணினி? "ஒன்று" என்றேன். மறுநாள் பழுதுபார்க்க வந்தவர் நம்மவர். அவசரத்தில் ரவுட்டரை மறைக்க மறந்துவிட்டோம். ஐந்து கம்பிகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தம்பி, இத நான் பாக்கல. அடுத்த தடவ கூப்பிடுறப்ப அலமாரிக்குள்ள வச்சிருங்க."

"சரிண்ணே."

அந்த வாரக் கடைசியில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போனபோது அப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஒருத்தன் காசு கட்டிட்டு, அஞ்சு பேர் உட்கார்ந்து சாப்பிடலாமா?"

"தண்ணிக் குழாய்க்கு மீட்டர் ஒண்ணுதானேப்பா? எத்தனை குழாய்னு யார் எண்ணுறாங்க?"

"தண்ணிக்கு அளந்து காசு வாங்குறான். உனக்கு அளக்கிறானா?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான். தொலைபேசி வழியாக நிமிடக் கணக்கில் இணையத்துக்குப் பணம் கட்டிய காலத்தில் யாரும் கணினியை எண்ணவில்லை. மாதம் முழுவதற்கும் ஒரே கட்டணம் என்றான பிறகுதான் தலைகளை எண்ணும் யோசனை வருகிறது. கோலாலம்பூருக்குத் திரும்பும் ரயிலில்தான் பதில் தோன்றியது. எங்கள் கம்பியின் வேகம் விநாடிக்கு 384 கிலோபிட். ஐந்து பேர் கேட்டாலும் அதற்கு மேல் ஒரு துளி வராது. பரிமாறுகிற கரண்டி ஒன்றுதான். ஆனாலும் முன்பு ஒருவன் தூங்கும் நேரத்தில் சும்மா கிடந்த கம்பி இப்போது இரவு பகலாய் ஓடியது. நிறுவனம் கணக்குப் போட்டது அந்தத் தூக்க நேரத்தை வைத்துத்தான். அப்பா பாதி சரி, நான் பாதி சரி. இருந்தாலும் "ஒன்று" என்று சொன்னது பொய்தானே!

பிறகு காலம் வேறு பக்கம் திரும்பியது. 2010-இல் ஒளியிழை இணைப்பு வீடுகளுக்கு வந்தபோது ரவுட்டரையும் சேர்த்தே கொடுத்தார்கள். 2011 ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் முகவரிக் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்து நின்றது. மறுஆண்டே, பல வீடுகளைச் சேர்த்து ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்க நிறுவனங்களுக்கென்று தனி எண் தொகுதி ஒதுக்கப்பட்டது. நாங்கள் அலமாரிக்குள் ஒளித்து வைத்த வேலையைத்தான் இன்று நிறுவனங்கள் ஊர் அளவில் செய்கின்றன.

போன தீபாவளிக்குக் கிள்ளான் வீட்டில் ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். பேரப்பிள்ளைகளின் கைப்பேசி, தொலைக்காட்சி, வாசல் கேமரா என்று 14 கருவிகள். அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"பாரத்த ஒழுங்காப் படிச்சுத்தானே கையெழுத்துப் போட்ட?"