மரக்கப்பல் கேள்வி

போன செமஸ்டர் பிளேஸ்மென்ட்ல என்னை வெளியே அனுப்பின கேள்வி இது. கப்பல் டிசைன் பண்ற ஒரு கம்பெனி. பேனல்ல இருந்த வயசான ஒருத்தர் கேட்டார்: "1901-ல அன்டார்டிகா ஆராய்ச்சிக்குன்னே ஸ்காட்லாந்துல ஒரு கப்பல் கட்டினாங்க. எஃகுக் கப்பல் எல்லாம் அப்பவே வந்தாச்சு. ஆனா இதை மரத்துல கட்டினாங்க. ஏன்?"

கீழே போறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

நான் சொன்ன பதில்: "டெக்னாலஜி அவ்வளவு வளரல சார்." அவர் சிரிச்சார். "அதே ஊர்லயே இரும்புக் கப்பலும் கட்டிட்டிருந்தாங்க தம்பி" என்றார். அப்புறம் சாதாரணமா இன்னொரு கேள்வி. "வீட்ல யாராவது கப்பல், படகு சம்பந்தமா வேலை பார்த்தவங்க இருக்காங்களா?"

"இல்ல சார்."

முதல் பதில் தப்பு. இரண்டாவது பொய். எங்க தாத்தா தூத்துக்குடியில் நாற்பது வருஷம் தோணி கட்டிய ஓடாவி. ஓடாவி என்றால் மரக்கலம் கட்டுகிற தச்சர். இந்த விளக்கத்தை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கே அந்த வார்த்தை சரியாகத் தெரியாது. ஸ்கூல் ஃபார்மில் "கார்பென்டர்" என்று எழுதுவதற்கே கூச்சப்பட்டு, "பிசினஸ்" என்று எழுதியிருக்கிறேன்.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து தேடினேன். ஊர் பேர் டண்டீ. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், டே ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிற துறைமுகம். கப்பல் பேர் டிஸ்கவரி. 1901 மார்ச் 21-ல் தண்ணீரில் இறக்கினார்கள். கேப்டன் ஸ்காட் தலைமையில் அதே வருஷம் கிளம்பியது. போய்ச் சேர்ந்த இடத்தில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு குளிர்காலம் அப்படியே நின்றது. 1904 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அதற்கு உதவப் போன கப்பல்களில் ஒன்றான டெர்ரா நோவாவும் டண்டீயில் கட்டியதுதான்.

ஏன் மரம் என்பதற்குப் பதில் தேடுவதற்கு முன்னால், என்னமோ தோன்றி தாத்தாவுக்கு போன் போட்டேன். இன்டர்வியூ பற்றிச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் கேட்டேன்.

"பனிக்கட்டி நாலா பக்கமும் நெருக்கும்லா? இரும்புத் தகடு நெளிஞ்சா நெளிஞ்சதுதான். மரம் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆராய்ச்சிக் கப்பல்னா உள்ள காம்பஸ் மாதிரி எதுவும் வெச்சிருந்தானுவளாக்கும்? தோணியில காம்பஸ் பெட்டி பக்கத்துல அருவாளக் கொண்டு வெச்சாலே தண்டல் வைவாருல."

நான் வாயடைத்துப் போனேன். ஏன்னா, அதுவேதான் பதில். அந்தப் பயணத்தின் பெரிய வேலைகளில் ஒன்று பூமியின் காந்தப்புலத்தை அளப்பது. அதற்கென்று மேல்தளத்தில் ஒரு சின்ன அறை. அதைச் சுற்றி 30 அடிக்குள் இரும்போ எஃகோ இருக்கக் கூடாது என்பது டிசைன் விதி. முழுக்க எஃகால் கட்டிய கப்பலில் அது நடக்குமா?

மற்ற விவரங்களையும் ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்டாகப் படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது. பக்கவாட்டுச் சுவர் கிட்டத்தட்ட 2 அடி கனம், பல அடுக்கு மரம். பனியை மோதுகிற முன்பகுதிக்கு மட்டும் எஃகுத் தகடு. புரொப்பெல்லரையும் சுக்கானையும் பனிக்கட்டி உடைத்துவிடாமல் அப்படியே மேலே தூக்கிக்கொள்ளலாம். ஆனால் போகிற வழியிலேயே கப்பல் ஒழுகியது. நியூசிலாந்தில் உலர்துறையில் ஏற்றி ஓட்டை தேடினார்கள். இதைச் சொன்னதும் தாத்தா சிரித்தார். "கலப்பத்து ஒழுங்காப் பாத்திருக்க மாட்டானுவ." பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைக்கிற வேலைக்குத்தான் கலப்பத்து என்று பேர். அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது "தாத்தா ஜெயிச்சார்" கதை. ஆனால் டண்டீக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோது கதை மாறிவிட்டது.

திமிங்கில வேட்டையிலிருந்து வந்தது. 1753-லிருந்து முதல் உலகப் போர் வரைக்கும் டண்டீ கப்பல்கள் வடதுருவக் கடலுக்குப் போய் திமிங்கிலம் பிடித்தன. எண்ணெய்க்கு வாடிக்கையாளர் உள்ளூரிலேயே இருந்தார்கள்: சணல் ஆலைகள். வங்காளத்திலிருந்து வந்த முரட்டுச் சணலை நூற்க வேண்டுமானால், திமிங்கில எண்ணெயும் தண்ணீரும் தெளித்து மிருதுவாக்க வேண்டும். நம்ம பக்கத்து விவசாயி அறுத்த சணல், ஆர்க்டிக்கில் கொன்ற திமிங்கிலம், இரண்டும் அந்த ஊரில் சந்தித்தன. பனியைத் தாங்குகிற மரக்கப்பல் கட்டும் அறிவு இந்த வியாபாரத்தில் ஊறி வளர்ந்தது.

வடக்கே திமிங்கிலம் அருகிப்போனதும், 1892-ல் நான்கு டண்டீ கப்பல்கள் தெற்கே அன்டார்டிகா பக்கம் தேடிப் போயின. தேடிய திமிங்கிலம் கிடைக்கவில்லை, சீல்களைக் கொன்று திரும்பின. அதில் டாக்டர் வேலைக்குப் போன வில்லியம் ஸ்பியர்ஸ் புரூஸுக்குத் துருவ ஆராய்ச்சிப் பைத்தியம் பிடித்தது. பின்னால் அவர் நடத்திய பயணம் தெற்கு ஓர்க்னி தீவுகளில் வைத்த வானிலை நிலையம் 1904-ல் அர்ஜென்டினாவிடம் போனது. இன்றும் ஓடுகிறது.

டிஸ்கவரிக்கும் இரண்டாவது வாழ்க்கை வந்தது. 1925-லிருந்து 1927 வரை திமிங்கிலங்களை ஆராய அதே கப்பலை அனுப்பினார்கள். செலவுக்குப் பணம் எங்கிருந்து தெரியுமா? திமிங்கில எண்ணெய் மேல் போட்ட வரியிலிருந்து. தலைவர் ஸ்டான்லி கெம்ப். அதற்கு முன் கல்கத்தாவில், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். கூடப் போன அலிஸ்டர் ஹார்டி ஒரு கருவி செய்தார். கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுத்தால், தண்ணீர் ஓட்டமே ஒரு சின்ன புரொப்பெல்லரைச் சுற்றும். அது பட்டுத்துணிச் சுருளை நகர்த்தும். கடலின் நுண்ணுயிர்கள் துணியில் படிந்து பதிவாகும். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. அந்த டிசைனை இன்றும் சாதாரண சரக்குக் கப்பல்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. கடல் மாறுவதை நாம் அறிய அந்தப் பதிவுகளும் ஒரு காரணம்.

அளந்ததால் உடனே திமிங்கிலம் பிழைத்ததா? இல்லை. 1930-31 வேட்டைப் பருவத்தில் மட்டும் 29,000-க்கு மேல் நீலத் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். வணிக வேட்டைக்கு உலகத் தடை அமலுக்கு வந்தது 1986-ல்தான். அதே 1986-ல் டிஸ்கவரி இன்னொரு கப்பலின் மேல் ஏறி, பிறந்த ஊர் டண்டீக்குத் திரும்பி வந்தது. இப்போது அது அங்கே மியூசியம்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், நாம் இரண்டு விஷயத்தைச் சுலபமாக நம்பிவிடுகிறோம். பழைய டெக்னாலஜி என்றால் அறியாமை என்பது ஒன்று. நாம் கற்ற வித்தை நல்ல வித்தை, அதனால் நாம் செய்வதும் நல்லது என்பது இன்னொன்று. டண்டீ தச்சர்களின் கை ஒரே கைதான். அது திமிங்கிலம் கொல்லவும் கப்பல் கட்டியது, பூமியை அளக்கவும் கட்டியது. எதற்கு என்ற கேள்விக்கு வித்தை பதில் சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும். ஆஃபர் லெட்டரில் சம்பளத்தை மட்டும் பார்க்கிற இந்த சீசனில் எனக்கே நான் சொல்லிக்கொள்வது இது.

அந்த கம்பெனி என்னை எடுக்கவில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் உண்மையைச் சொன்னேன், "இல்ல சார்" உட்பட. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பெட்டியைத் திறந்து கலப்பத்து உளியை எடுத்துக் கையில் கொடுத்தார். "புடிச்சுப் பாருல, கனம் தெரியும்" என்றார்.

தெரிந்தது. அடுத்த இன்டர்வியூவில் யாராவது கேட்டால் சொல்வதற்கு அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஓடாவி.