ஆவிக்குப் பிறந்த பிள்ளை

விளையாட்டு வினையாதலை உலகம் அறியும். அவ்வினையே பின்னர்க் கல்வியாதலும் உண்டு. யான் விடுதியில் வாழ்ந்த காலத்தில் நேர்ந்த அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை, என் பிழையை மறையாது, ஈண்டு உரைக்க விழைகின்றேன்.

யாங்கள் ஐவர் சனிக்கிழமைதோறும் இரவுணவுக்குப்பின் என் அறையிற் கூடி, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை ஆடிவந்தோம். அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இதனை இயற்றி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதில் ஒருவர் ஆட்டத் தலைவராய் இருந்து கற்பனை உலகம் ஒன்றை விரித்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொண்டு, அப்பாத்திரத்தின் சொல்லையும் செயலையும் தாமே சொல்லிச் செல்வர். கைகூடுமோ கூடாதோ என்று ஐயுறத்தக்க செயலின் முடிவை இருபது முகமுடைய பகடை அறிவிக்கும். நூலில் விதி காணாதவிடத்துத் தலைவர் சொல்லே விதியாகும். அவ்வாண்டில் அத்தலைமை என்பால் இருந்தது.

புதுக்கதை ஒன்று தொடங்கிய இரவில் நண்பன் ஒருவன், "என் பாத்திரத்தின் தாய் ஒரு குயத்தி, தந்தை ஆற்றில் உறையும் ஓர் ஆவி," என்றான். யான் உடனே தடுத்து, "ஆவிக்கு உடம்பில்லை, உடம்பில்லாததற்கு மகன் எங்ஙனம் பிறப்பான்?" என்றேன். அவனோ விடாது, 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்' என்னும் தொகுதியிலேயே தீய ஆவிகளின் வழித்தோன்றலாகிய 'டீப்லிங்' என்னும் இனத்தாரை ஆட்டக்காரர் மேற்கொள்ள இடந்தந்துள்ளனர் என்றும், ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்திலும் தேவகுமாரர் மனிதப் பெண்களை மணந்த செய்தி உளதென்றும் எடுத்துக் காட்டினான்.

யான் அப்பொழுது தத்துவம் பயின்றுகொண்டிருந்தேன். அச்செருக்கினால், 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் என்னும் பேரறிஞரைத் துணைக்கு அழைத்தேன். ஆவிகள் மேற்கொள்ளும் உடம்பு உயிருள்ள உடம்பன்று. ஆதலின் உயிர்க்குரிய தொழில்கள் அதன்கண் நிகழா. பேய்க்குப் பிறந்ததெனப்படும் பிள்ளை, பேய் ஓர் ஆடவனிடத்திருந்து கவர்ந்து கொணர்ந்த வித்தினாற் பிறந்ததே. ஆகவே அஃது அவ்வாடவன் பிள்ளையேயாம் என்பது அவர் கொள்கை. இதனை விரித்துரைத்துவிட்டு, "ஆதலால் உன் பாத்திரம் வெறும் மனிதன், அல்லது, பிறப்பைப்பற்றிப் பொய்யுரைப்பவன்," என்று தீர்ப்புச் செய்தேன். ஏனையோர் நகைத்தனர். நண்பன் பகடையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போயினான். அடுத்த மூன்று சனிக்கிழமைகளிலும் அவன் வரவில்லை.

நிற்க. அக்காலத்தில் ஆங்கில இலக்கியப் பாடத்தின்பொருட்டு, ஜெப்ரி என்பார் ஏறக்குறைய 1136-ஆம் ஆண்டில் இலத்தீனில் எழுதிய பிரித்தானிய மன்னர் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அதில், வார்டிகெர்ன் என்னும் அரசன் கோபுரம் எழுப்புகின்றான். பகலிற் கட்டியதை இரவில் நிலம் விழுங்குகின்றது. தந்தையில்லாச் சிறுவன் ஒருவனைக் கொன்று, அவன் குருதியைக் கல்லினும் சாந்தினும் தெளித்தல் வேண்டுமென மாயவித்தையர் கூறுகின்றனர். தேடிச் சென்ற தூதர், வேல்ஸ் நாட்டு நகரொன்றின் வாயிலில் விளையாடும் சிறுவரிடையே பூசல் மூளக் காண்கின்றனர். ஒருவன் மற்றவனை நோக்கி, தான் தாய்வழியும் தந்தைவழியும் அரசகுலத்தான் என்றும், அவனோ தந்தையில்லாதவன், யாரென்றே அறியப்படாதவன் என்றும் இகழ்கின்றான். இகழப்பட்ட சிறுவனே மெர்லின். ஆவி ஒன்றுக்கு மானிடப் பெண் பெற்ற மகன் எனப்பட்டவன். பலியாக வேண்டிய அவனே, அடித்தளத்தின்கீழ் ஒரு குளமும், அதனுள் உறங்கும் இரு டிராகன்களும் உள்ளன என்னும் மெய்யை அரசனுக்கு உணர்த்துகின்றான்.

விளையாட்டிடையே எழுந்த அவ்விகழுரை என்னைச் சுட்டது. அன்றிரவே நண்பன் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு கூறினான்: "என் தாய் ஒரு சாதி, என் தந்தை வேறொரு சாதி. தாய்வீட்டுத் திருமணத்தில் என்னை அவர் மகன் என்பர். தந்தைவீட்டுத் திருமணத்தில் இவள் மகன் என்பர். எங்கள் பிள்ளை என்பார் இரண்டிடத்தும் இலர். ஆட்டத்திலாவது இருவர் பிள்ளையாகவும் இருக்கலாமென்று எண்ணினேன். அங்கும் நீ வழக்காடினாய்."

அப்பொழுதுதான் அக்குவினாஸின் வாதத்தை யான் தலைகீழாய்ப் பிடித்திருந்தமை புலனாயிற்று. அவர் ஆவிக்குத் தந்தைமையை மறுத்தாரேயன்றிப் பிள்ளையை மனித குலத்தினின்றும் விலக்கினாரல்லர். யானோ என் மேசையினின்றே விலக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை புதுவிதி ஒன்றை அறிவித்தேன். எம் உலகில் ஆவியும் மானிடரும் கூடி மகப்பெறலாம். ஆவி தசையும் எலும்பும் தருவதில்லை. தன் பெயரில் ஒரு கூற்றைத் தரும். ஆகலின் ஆற்றின் மகன் ஆறு பேசுவதைக் கேட்பான். கோடையில் அது வற்றுங்கால் அவன் வலிமையும் குன்றும். வரமும் அதற்குரிய விலையும் ஒருங்கே அமைந்தமையால் விதி யாவர்க்கும் நேர்மையாகத் தோன்றிற்று. நண்பன் பகடையைக் கையில் எடுத்தான்.

1978-ஆம் ஆண்டின் விதிநூல் 'பாதி எல்ப்', 'பாதி ஆர்க்' எனக் கலப்பினரைப் பெயரிட்டிருந்தது. 2024-ஆம் ஆண்டில் வந்த விதிநூலின் இனவரிசையில் அவ்விரண்டும் இல்லை. அதனை நண்பனுக்கு எழுதினேன். "கலந்து பிறந்தாரே இலர் என்று கொள்ளாதிருந்தாற் சரி, பாதி என்னும் சொல் ஒழிந்தது நன்றே," என்று விடை வந்தது.

ஆவிக்கு மகவுண்டோ என்று இன்று எவரேனும் என்னை வினவின், வாதத்தைத் தொடங்குமுன் வினவுகின்றவர் முகத்தை ஒருமுறை நோக்குவேன்.