கதவு முக்கியமா, படிக்கட்டு முக்கியமா?

எங்க ஆய்க்குடிக்காரங்களுக்கு ரயில்னா தென்காசிதான். அங்க ஒரு வண்டி போச்சுன்னா பிளாட்பாரமே காலியாயிடும். சென்னை மாம்பலம் அப்படியில்ல. ஒரு வண்டியில இறங்கின கூட்டம் படியேறி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வண்டி வந்து நிக்கும்.

"மெட்ரோ மாதிரி இங்கயும் டிக்கெட் காட்டினா திறக்குற கதவு வெச்சா நெரிசல் குறையும்"னார் நண்பர் ஒருத்தர். எனக்கென்னவோ அது சரியாப் படலை. கதவு டிக்கெட் எடுக்காதவனைத்தான் நிறுத்தும். டிக்கெட் எடுத்த ஆயிரம் பேரை ஒவ்வொருத்தரா விட்டு, மிச்சப் பேரைப் பின்னால தேக்கும். மெட்ரோவுல தேங்கி நிக்க விசாலமா இடம் இருக்கு. ஆபத்துன்னா எல்லாக் கதவும் திறந்துக்கும். பழைய ஸ்டேஷன்ல இடத்துக்கு எங்க போறது?

மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ஞாபகம் இருக்கா? 2017 செப்டம்பர் 29, காலை, நல்ல மழை. நனையாம இருக்க ஜனங்க நடைமேம்பாலத்துலயே நின்னுட்டாங்க. ரயில்கள் மேல மேல ஆளை இறக்கிட்டே இருந்துச்சு. குறுகலான படிக்கட்டுல நசுங்கி 23 பேர் செத்துப்போனாங்க. அப்புறம்தான் ராணுவத்தை வெச்சுப் புதுப் பாலம் கட்டி, 2018 பிப்ரவரியில திறந்தாங்க.

மாம்பலத்துக்கு அப்படியெதுவும் ஆகுறதுக்கு முன்னாடியே, 2023-ல தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆகாய நடைபாதை வந்துச்சு. கூட்டம் ரெண்டாப் பிரிய ஒரு வழி.

முதல்ல வழியை அகலமாக்கட்டும், கதவை அப்புறம் மாட்டலாம். நீங்க என்ன சொல்றீங்க மக்கா?