பின்வாசல் வழியே பாக்

‘ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்’ என்று உலகம் அறிந்திருக்கும் இசைக்கு யோஹான் செபாஸ்டியன் பாக் அப்பெயரைச் சூட்டவில்லை. அவர் எழுதியது டி மேஜரில் அமைந்த மூன்றாவது ஆர்கெஸ்ட்ரா ஸ்வீட்டின் இரண்டாம் பகுதி. நம் ஆவர்த்தனத்துக்கு ஒப்பான அளவுகள் அதில் மொத்தமே 18. எக்காளங்களும் முரசுகளும் முழங்கும் அத்தொகுப்பில் இந்த ஒரு பகுதியில் அவை வாய்மூடிக்கொள்ள, தந்திக்கருவிகளும் கண்டினுவோவும் மட்டும் ஒலிக்கும். கிடைத்துள்ள மிகப் பழைய பிரதி 1730 வாக்கிலானது. 1871இல் ஜெர்மானிய வயலின் கலைஞர் அவுகுஸ்ட் வில்ஹெல்மி இதை சி மேஜருக்கு மாற்றி, மெட்டைக் கீழ் ஸ்தாயிக்குக் கொண்டுபோய், வயலினின் ஆகத் தாழ்ந்த தந்தி ஒன்றிலேயே வாசிக்கும்படி அமைத்தார். பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

இந்தத் தகவலை ஓர் ஆயுதம் போலவே சேமித்து வைத்திருந்தேன். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஆழ்ந்த ஞானமுள்ள நண்பரொருவர் எனக்கு உண்டு. நான் பாக்கிடம் வந்து சேர்ந்ததோ தொண்ணூறுகளில் அலுவலகத் தோழர் ஒருவர் பதிந்து தந்த ஒலிநாடாவில், ழாக் லூஸியேயின் ஜாஸ் பியானோ வழியாக. பின்னர் மூல வடிவத்தைக் கேட்டபோது, டிரம்மின் தோலில் கம்பித் தூரிகை உரசும் அந்தச் சரசரப்பைக் காணோமே என்றுதான் முதலில் தோன்றியது. இதை நண்பரிடம் சொன்னேன். “பின்வாசல் வழியா வந்தவங்களுக்கு அடுக்களைதான் தெரியும், கூடம் தெரியாது” என்றார். வில்ஹெல்மியின் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. வயலினிலிருந்து வயலினுக்குப் போவது வேறு, மதுக்கூடத்துக்குப் போவது வேறு என்பது அவர் கட்சி.

மதுக்கூடம் என்றதும் எனக்கு லைப்ஸிக் நினைவுக்கு வந்தது. 1729இல் அந்நகரத்துக் கொலேகியம் மியூஸிகும் குழுவின் பொறுப்பை ஏற்ற பாக், ஸிம்மர்மன் என்பவரின் காப்பிக் கடையில் வாரந்தோறும் கச்சேரி நடத்திவந்தார். பிறர் இசையை மாற்றியமைப்பதிலும் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. விவால்டியின் நான்கு வயலின் கான்சர்ட்டோவை நான்கு ஹார்ப்ஸிகார்டுகளுக்கு மாற்றி எழுதியவர் அவர்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வரலாற்றுச் சமாதானம் அன்று. என் காது கேட்டது சரிதானா என்று அறிய விரும்பினேன். அதற்காக மூலத்தின் அடிக்குரலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். முதல் வயலின் காந்தாரத்தை ஒரு முழு ஆவர்த்தனத்துக்கு நீட்டிப் பிடித்து நிற்கிறது. அடியில் பேஸ், ஸட்ஜத்திலிருந்து நி, த, ப, ம எனப் படியிறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டு அடிகள்: ஒரே ஸ்வரத்தை மேல் ஸ்தாயியில் ஒருமுறை, கீழ் ஸ்தாயியில் ஒருமுறை. அவசரமில்லாமல், நிற்காமல், ஒரு மனிதர் நடப்பதுபோல. ஜாஸ்காரர்கள் ‘வாக்கிங் பேஸ்’ என்று சொல்வதற்கு வேறென்ன இலக்கணம்? மேலே மெட்டு உருகுவதற்கு இந்த நடைதான் இடம்கொடுக்கிறது. நடை நின்றால் அது வெறும் அழுகை.

லூஸியே 1959இல் பியேர் மிஷெலோவையும் கிறிஸ்டியான் காரோஸையும் சேர்த்துக்கொண்டு ‘ப்ளே பாக்’ தட்டுகளைத் தொடங்கியபோது கண்டுகொண்டது இதைத்தான் என்பது என் துணிபு. மிஷெலோவின் விரல்கள் மீட்டும்போது பாக்கின் அடிக்குரல் தன் சொந்த ஊருக்குத் திரும்பியதுபோல இருக்கிறது. (பிரிட்டனில் இது ஒரு சுருட்டு விளம்பரத்துக்குப் பின்னணியாகிப் பல ஆண்டுகள் வீடுதோறும் ஒலித்தது. பாக்கிடம் வாழ்நாள் முழுதும் கடன் வாங்கிய லூஸியே, தன் இசையைக் கடன் வாங்கியதாக 2002இல் எமினெம் மீது வழக்குத் தொடுத்தார் என்பது தனிக்கதை.)

பாரிஸில் வார்ட் ஸ்விங்கிள் திரட்டிய எட்டுப் பாடகர்கள் இன்னும் எளிமையானவர்கள். பயிற்சிக்காகப் பாக்கின் விசைப்பலகை இசையைக் குரலில் பாடிப் பார்த்தவர்கள், தங்களையறியாமல் அது ஊசலாடுவதைக் கண்டார்கள். 1963இல் வந்த அவர்களுடைய முதல் தட்டில் இந்த ‘ஏர்’ இருக்கிறது. பாக்கின் ஸ்வரங்களை அவர்கள் மாற்றுவதில்லை. சொற்கள் கிடையா, பொருளற்ற அசைகள்தாம். பேஸும் டிரம்மும் துணை. மெட்டின் அந்த முதல் நீள ஸ்வரம் மனித மூச்சில் வரும்போது, அது முடியும் இடத்தில் நமக்கும் மூச்சு முட்டுகிறது. வயலின் வில்லில் எனக்கு இது நேர்ந்ததில்லை.

ப்ரோக்கல் ஹாரம் குழுவின் ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ (1967) செய்தது இதற்கு நேர்மாறு. பேஸ் படியிறங்குகிறது, ஆர்கன் ஒரு நீள ஸ்வரத்தைப் பிடித்துத் தொடங்குகிறது. ஓரிரு அளவுகளுக்குப் பின் பாக்கைக் கைவிட்டுத் தன் வழி போய்விடுகிறது. கேரி ப்ரூக்கரே இதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆர்கன் இசை யாருடையது என்று, பாடல் வந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு அதை வாசித்த மேத்யூ ஃபிஷர் வழக்காடினார். 2006இல் அவருக்கு 40 சதவீத உரிமை கிடைத்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணம் கிடையாது என்றது. 2009இல் பிரபுக்கள் சபை அதைத் திருப்பித் தந்தது. எனக்கு இந்தப் பாடல் பாக்கின் மெட்டைச் சொட்டுச் சொட்டாக நகலெடுக்கும் பல பதிவுகளைவிட பாக்குக்கு நெருக்கமானது. இறங்கும் படியை அது நம்புகிறது.

1997இல் வந்த ஸ்வீட்பாக்ஸின் ‘எவ்ரிதிங்ஸ் கானா பி ஆல்ரைட்’ பாடலில் அந்த நம்பிக்கை இல்லை. அடியில் பாக் அப்படியே ஒலிக்கிறார், மேலே டீனா ஹாரிஸின் ராப். அங்கே பாக் சாய்ந்துகொள்ள ஒரு மெத்தை. டிரம்மின் அடி பேஸின் நடையை மிதித்துவிடுகிறது.

இதையெல்லாம் அக்காள் மகனிடம் விரிவாகவே சொன்னேன். அந்தப் பாடல் அவனுக்கு மனப்பாடம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அசலைப் போடச் சொன்னான். போட்டேன். இன்னொரு முறை என்றான். அதன்பிறகு, “நல்லாருக்கு மாமா, ஆனா அந்தப் பொண்ணு எப்ப பாட வரும்?” என்றான்.